நாற்பது புடவைக்கு எத்தனை கண்கள்

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்யும் 20 தறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டின் ஊடை இழைகளும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் நெசவு அது. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். பழைய குழித்தறி முறையில் ஒரு கரையின் நாடாவைப் போட நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். பன்னிரண்டு என்று வைத்தால் ஒரு தறி மாதத்துக்கு இரண்டு புடவை தரும். 20 தறிகள் 40 புடவை. பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்கிற நாள், அடைமழையில் குழிக்குள் ஈரம் ஏறி வேலை நின்றுபோகிற நாள், வீட்டு விசேஷம், உடம்புக்கு முடியாத நாள் எல்லாவற்றையும் கழித்தால் அந்த 40-ம் தேறாது.

இந்த 40 புடவைகளை விற்க ஒரு சமூக ஊடகப் பிரசாரம் எப்படி இருக்க வேண்டும்? சில ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது. தொழிலை இணையத்தில் வளர்ப்பது பற்றி இன்று கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரே திசையில் பேசுகின்றன. தினமும் பதிவு போடு. டிரெண்டில் இருக்கிற பாட்டை வைத்து ரீல்ஸ் எடு. முதல் மூன்று வினாடியில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்து. ரீச் ஏறவில்லையா, பணம் கட்டி பூஸ்ட் பண்ணு. செல்போன் உறை விற்பவருக்கு இது சரியாக இருக்கலாம். ஆர்டர் பத்து மடங்கு வந்தால் அவர் இன்னொரு ஷிப்ட் ஓட்டுவார். தறியில் இன்னொரு ஷிப்ட் என்று ஒன்று கிடையாது. அங்கே உட்காரும் மனிதரின் தோளும் கண்ணும் கால்களும்தான் உற்பத்தித் திறன்.

ஆகவே பிரசாரம் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு முன்பு, அது ஜெயித்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் கொண்ட ஒரு புடவையின் ரீல்ஸ் திடீரென்று நான்கு லட்சம் பேரைச் சென்றடைகிறது. ஒரே இரவில் 600 பேர் விலை கேட்கிறார்கள். கையில் இருப்பதோ ஒரு பாவு. ஒரு பாவில் மூன்று அல்லது நான்கு புடவைதான் வரும். ‘இதே கலர்ல இன்னொண்ணு கிடைக்குமா அக்கா?’ என்று கேட்பவருக்கு, ‘இந்தப் பாவுல மூணுதாம்மா, ரெண்டு போயிடுச்சு. அடுத்த பாவு ஏத்த ஒரு மாசம் ஆகும்’ என்று பதில் சொல்ல மன உறுதி வேண்டும். 600 பேரையும் இழக்க மனம் வராத இடத்தில்தான் விசைத்தறி உள்ளே வருகிறது. அதே நிறம், ஏறக்குறைய அதே கரை, கால்வாசி விலை. படத்தில் கைத்தறி, பார்சலில் விசைத்தறி.

1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இன்று 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2004இல் சில்க் மார்க் வந்தது, 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. இவ்வளவு காவல் இருந்தும் போலி ஓடுகிறது. காரணம் எளியது. புடவையைத் தொட்டுப் பார்க்காமல், கைப்பேசித் திரையில் ஐந்து அங்குல அளவில் பார்த்து வாங்குகிறோம். நெசவைப் பிரித்தறியும் பழக்கம் நம் கண்ணுக்கு இல்லை. கேட்பைப் பெருக்கிவிட்டு அறிவைப் பெருக்காத பிரசாரம், தான் யாருக்காகப் பேசியதோ அவருடைய போட்டியாளருக்கே சந்தையைத் தயார் செய்து கொடுத்துவிட்டுப் போகிறது.

கைத்தறியை விற்கும் பிரசாரத்தின் முதல் வேலை கண்களைத் திரட்டுவது என்று நான் நினைக்கவில்லை. கண்களைப் பழக்குவதுதான் அதன் வேலை. அதைத் தறியின் வேகத்திலேயே செய்ய வேண்டும்.

*

கண்ணைப் பழக்குவது எப்படி என்பதற்குக் கோர்வையே நல்ல பாடம். ஒரே நாடாவில் நெய்த புடவையில் உடலின் ஊடை இழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். உடல் பச்சையாக இருந்தால் சிவப்புக் கரைக்குள்ளும் அந்தப் பச்சை கலந்திருக்கும்; துணியைச் சாய்த்துப் பிடித்தால் கரையில் பச்சை நிழலாடும். கோர்வையில் அப்படி நேராது. உடலின் இழை கரையின் எல்லையில் நின்று, கரையின் இழையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். கரை முழுச் சிவப்பாக, உடல் முழுப் பச்சையாக நிற்கும். புடவையைத் திருப்பிப் போட்டு அந்த எல்லையை அருகில் பார்த்தால் இரண்டு நூல்களும் பிடித்துக்கொண்ட தடம் தெரியும்.

இதைக் காட்ட இருபது வினாடி வீடியோ போதும். காலை வெளிச்சத்தில், ஜன்னலோரமாக, ஃபில்டர் இல்லாமல், பாட்டு இல்லாமல். ஒரு விரல் கரையின் எல்லையைத் தடவுகிறது, துணி திரும்புகிறது, பக்கத்தில் ஒரு நாடாப் புடவை வைக்கப்படுகிறது, பேசுகிறவர் நெசவு வீட்டின் குரலிலேயே வித்தியாசத்தைச் சொல்கிறார். ஒரு நாடாவில் நெய்ததும் கைத்தறியாக இருக்கலாம், அதுவும் நல்ல புடவைதான், ஆனால் உழைப்பு வேறு, விலை வேறு என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நான்கு லட்சம் பேர் இதைப் பார்க்க மாட்டார்கள். பார்த்த நாலாயிரம் பேர் அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும் புடவையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் அந்த ஒரு கடையைத் தாண்டி, ஊரில் கோர்வை நெய்கிற எல்லாத் தறிகளுக்கும் காவல்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் புடவை விற்பவர்களை அதிகம் காயப்படுத்தும் வாசகம், ‘போட்டோல பார்த்த கலர் இல்ல’ என்பது. அரக்கும் மயில் கழுத்தும் திரையில் தங்கள் நிறத்தில் நிற்பதில்லை. மயில் கழுத்து, பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக இரண்டு நிறங்கள் கூடிப் பிறப்பது. துணி அசையும்போதுதான் அது தன்னைக் காட்டும். அசையாத படத்தில் அது நீலமாகவோ பச்சையாகவோ உறைந்துவிடுகிறது. எனவே அதை அசைத்துக் காட்ட வேண்டும், இரண்டு வெளிச்சத்தில் காட்ட வேண்டும், ‘நேரில் இதைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும்’ என்று எழுதவும் வேண்டும். இப்படி எழுதினால் வாங்க நினைத்தவர் பின்வாங்குவார் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பின்வாங்குகிறவர், வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். பட்டுப் புடவை ஒரு முறை பிரித்து மடித்துத் திரும்பி வந்தால் அதன் மடிப்பும் மதிப்பும் குறைந்துதான் வரும்.

விலையும் இப்படித்தான். ‘பிரைஸ் டிஎம்’ என்ற வழக்கம் பரவிவிட்டது. விலையை மறைத்தால் கேட்பவர் பேச வருவார், பேச வந்தவரை வாங்க வைக்கலாம் என்பது கணக்கு. ஆனால் கைத்தறியின் பெரிய சிக்கலே அதன் விலை ஏன் அவ்வளவு என்பது யாருக்கும் தெரியாததுதான். பட்டு நூலுக்கு இவ்வளவு, ஜரிகைக்கு இவ்வளவு, அது அசல் ஜரிகையா, மலிவான ஆஃப் ஃபைன், டெஸ்டட் வகையா, சாயத்துக்கு, ஊடை நூலைத் தாரில் சுற்றியவருக்கு, பாவு பிணைத்தவருக்கு, நெய்தவர் கூலிக்கு இவ்வளவு, கடைக்கு மிஞ்சுவது இவ்வளவு என்று ஒரு புடவையின் விலையைப் பிரித்துப் போடும் பதிவைவிட வலுவான விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை. அதை எழுத முதலில் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். பிரசாரம் தொழிலைத் திருத்துவதும் உண்டு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

*

கைத்தறிக்கும் மக்களைத் திரட்டும் பிரசாரத்துக்கும் உள்ள உறவு பழையது. வங்கப் பிரிவினைக்கு எதிராக 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம் அந்நியத் துணியைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. அந்த நாளைத்தான் 2015இல் தேசியக் கைத்தறி நாளாக அறிவித்தார்கள். முதல் விழா சென்னையில் நடந்தது. உடுத்தும் துணி யார் கையிலிருந்து வந்தது என்று மக்களைக் கேட்க வைத்ததுதான் சுதேசி இயக்கத்தின் பெரிய சாதனை. அந்தக் கேள்வி இன்றும் கைத்தறியின் ஒரே மூலதனம்.

2015 மார்ச்சில் பெங்களூரில் இரண்டு பெண்கள் தொடங்கிய ‘100 சாரி பேக்ட்’ அந்தக் கேள்வியை வேறு விதமாகத் திறந்தது. ஒரு வருடத்தில் நூறு முறை புடவை கட்டுவது, ஒவ்வொரு முறையும் அந்தப் புடவையின் கதையைப் படத்தோடு எழுதுவது, அவ்வளவுதான். எதையும் வாங்கச் சொல்லவில்லை. பீரோவில் இருப்பதை எடுத்துக் கட்டச் சொன்னது. அம்மாவின் கல்யாணப் புடவை, முதல் சம்பளத்தில் வாங்கிய சுங்குடி, இறந்துபோன பாட்டியின் நார்ப்பட்டு என்று ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினார்கள். விற்பவர் பேசாமல் கட்டியவர் பேசியதால் அது நின்றது. தொழில் செய்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகம். புதிய ஆளைத் தேடி ஓடும் பணத்தில் ஒரு பங்கை, ஏற்கெனவே வாங்கியவர் தன் புடவையைப் பற்றிப் பேசும் இடத்தை உருவாக்கச் செலவிடலாம். பணம் வாங்கிக்கொண்டு பேசும் இன்ஃப்ளூயன்சர் அது விளம்பரம் என்பதைப் பதிவிலேயே குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2021இல் விதி வகுத்தது. ஐந்து வருடம் கட்டிய புடவையைப் பற்றித் தானாக எழுதுபவருக்கு அந்தக் குறிப்பு தேவையில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்பே காஞ்சிபுரத்தில் ஒரு நிறம் வாய்வழியாகப் பரவியிருக்கிறது. அந்த ஊர் முத்துச் செட்டியார் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து தந்த நீலம் இன்றும் ‘எம்.எஸ். ப்ளூ’ என்ற பெயரிலேயே கேட்கப்படுகிறது. அந்தப் பெயரை எந்தக் கடையும் விளம்பரம் செய்து உண்டாக்கவில்லை. மேடையில் பார்த்தவர்கள் கடையில் வந்து கேட்டார்கள். அந்த நிறத்தைப் பாடகியோடு சேர்த்து நினைவில் வைத்த ஊர், அதை நெய்தவரையும் மறக்கவில்லை.

நெய்தவரின் பெயரை முன்னால் கொண்டுவருவதில் கோ-ஆப்டெக்ஸ் ஒரு நல்ல வழியைக் காட்டியது. 1935இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனம் பட்டுப் புடவையோடு நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை வைத்தது. வாங்கியவர்கள் அந்த அட்டையையும் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். சகாயம் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அதே நிறுவனம் ஜனவரி 6ஐ வேட்டி தினமாகக் கொண்டாடச் சொன்னது. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வேட்டி கட்டி வந்தவர்கள் படங்களைத் தாங்களே பரப்பினார்கள். குறிப்பிட்ட நாளை வைத்துச் செய்யும் பிரசாரத்தில் தறிக்கு ஒரு நன்மை உண்டு. நாள் முன்கூட்டியே தெரிவதால் பாவை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம். தை முகூர்த்தத்துக்கான புடவையைத் தீபாவளிக்கு முன்பே தறியில் ஏற்றினால்தான் காலத்துக்கு வரும். அப்படியானால் தை மாதப் பிரசாரமும் ஐப்பசிக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். நிறம் தேர்ந்தெடுக்கிற நாளிலிருந்து, சாயம் காய்கிற கொடியிலிருந்து.

*

கைத்தறிக்காக எழுதப்படும் பதிவுகளில் ஒரு வகை என்னைத் தொடர்ந்து வருத்துகிறது. இருண்ட அறை, குனிந்த முதுகு, சோக இசை, ‘அழிந்துவரும் கலையைக் காப்பாற்றுங்கள்’ என்ற எழுத்து. வறுமை உண்மைதான். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், நெசவாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5000 ரூபாயைத் தாண்டுவதில்லை. இந்த உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தில் வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குவார். வாங்கியதும் அவர் மனம் கடன் தீர்ந்ததாக எண்ணிக்கொள்ளும். திறமையைப் பார்த்து வியந்தவர் மறுபடி வருவார், மகளுக்கும் வாங்குவார், விலை கூடினாலும் காரணம் புரிந்திருக்கும்.

இரக்கத்தின் பிரசாரம் இன்னொன்றையும் செய்கிறது. தறியில் உட்கார்ந்திருப்பவரின் முகம் அவருக்கு எந்தப் பங்கும் இல்லாமல் விற்பனைப் பொருளாகிறது. அந்த வீடியோ எங்கே போகிறது, எத்தனை பேர் பார்த்தார்கள், அதனால் எத்தனை புடவை விற்றது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. தார் சுற்றுகிற பெண்ணின் கை படத்தில் வரும். அவர் பெயர் வராது. படமெடுக்கும் முன் கேட்பது, எடுத்ததைக் காட்டுவது, வேண்டாம் என்றால் அழிப்பது, விற்பனை கூடினால் கூலியிலும் அது தெரிவது ஆகியவை பிரசாரத்தின் உள்ளே இருக்க வேண்டிய விதிகள்.

மறைக்கக் கூடாத வேறொரு வரலாறும் உண்டு. கோர்வைத் தறியில் இரண்டாவது ஆள் உட்காரும் இடத்தில் நெடுங்காலம் சிறுபிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த இடம் காலியானது. கோர்வை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது இழப்பில்லை, நியாயம். இன்று அந்த இடத்தில் மனைவியோ இன்னொரு கூலியாளோ இருந்தால் இரண்டு பேரின் கூலி விலையில் சேரும். கோர்வை ஏன் முன்பைவிட விலை கூடியது என்று கேட்பவருக்கு, பிள்ளைகளின் உழைப்பு அதில் இப்போது இல்லை என்று சொல்ல முடிகிற கடை, தன் விலைக்கு இதைவிடப் பெருமையான காரணம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

*

தளங்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானபோது சிறிய ஊர்களிலிருந்து வீடியோ ஏற்றுவது சாத்தியமானது. 2018 ஜனவரியில் வாட்ஸாப் பிசினஸ் வந்தது. 2020 ஊரடங்கில் கண்காட்சிகளும் கடைகளும் மூடிக் கிடந்தபோது பல நெசவு வீடுகள் முதன்முதலாகப் போன் வழியாக நேரடியாக விற்றன. அதே ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டதும் அங்கே ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்திருந்தவர்கள் ஒரே நாளில் முகவரி இல்லாதவர்கள் ஆனார்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் பணம் கட்டாமல் கிடைத்துவந்த ரீச் 2014 வாக்கிலேயே சுருங்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தளங்கள் எல்லாம் வாடகைக் கடைகள்; வீட்டுக்காரர் வாடகையை ஏற்றலாம், நாளைக்கே பூட்டச் சொல்லலாம். நம்முடையது என்று மிஞ்சுவது வாங்கியவரின் பெயரும் எண்ணும் அவர் வைத்த நம்பிக்கையும்தான்.

அதனால்தான் பலர் பழைய விஷயம் என்று ஒதுக்குகிற வாட்ஸாப் பிராட்காஸ்ட் பட்டியல் மீது எனக்கு மதிப்பு. ஒரு பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும், நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். பெரிய நிறுவனத்துக்கு இது தடை. 20 தறிகளுக்கு இதுவே சரியான அளவு. 256 பேரில் ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் ஒரு புடவை வாங்கினால், 20 தறிகளின் ஆறு மாத வேலை முடிந்தது.

இன்ஸ்டாகிராம் புதியவரை வாசல் வரை அழைத்து வரட்டும். உறவு இந்தப் பட்டியலில் வளரட்டும். புதிய பாவு ஏற்றும் முன் நான்கு நிறச் சேர்க்கைகளின் நூல் மாதிரியைக் காலை வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பலாம்; எது வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். மூன்று பேர் முன்பணம் கட்டியதும் பாவு ஏறட்டும். நடுவில் ஒரு நாள் தறியிலிருந்து ஒரு படம்: ‘உங்கள் புடவையின் உடல் பாதி வந்துவிட்டது, முந்தானைக்கு இன்னும் ஐந்து நாள்.’ காத்திருப்பவருக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் புடவையின் பகுதியாகிவிடும். விசைத்தறியால் நகலெடுக்க முடியாத பகுதி அது.

இப்படி நடத்தப்படும் பிரசாரத்தை எதை வைத்து அளப்பது? லைக்கை வைத்தல்ல. இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர். திரும்பி வந்த புடவை எத்தனை, ஏன். விலையைக் குறைக்கச் சொன்னவர்கள் குறைந்து, நெசவைப் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்களா. பாவு ஏறும் முன்பே எத்தனை புடவைக்கு ஆள் இருக்கிறது. ஆண்டு முடிவில் நெய்தவரின் கூலி ஏறியதா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரசாரம் தோற்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

ஒரு தொழிலின் அளவு என்ன, அதன் கை எவ்வளவு நீளும், எவ்வளவு வேகம் அதைக் கெடுக்காது என்று கண்டுகொண்ட பிறகே அதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். நாற்பது புடவைக்கு நாற்பது பேர் போதும். ஆனால் அந்த நாற்பது பேருக்கும் தாங்கள் வாங்குவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். நெய்பவருக்கு அடுத்த பாவைப் பற்றிய கவலை இருக்கக் கூடாது. அதைச் செய்து முடிக்கிற பிரசாரம் எத்தனை சிறியதாக இருந்தாலும், அதைத்தான் நான் வெற்றி என்பேன்.